என் 182-ம் எங்க அண்ணன் 170-ம்

பட்டிமன்றத் தலைப்பு: பி.பி. பார்க்கும்போது மீட்டரிலே ஏறி நிற்பது பெரிதும் நோயே! பயமே!
('பயமே' அணியில் மூன்றாவதாகப் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரணியிலே உட்கார்ந்துகொண்டு, வந்ததிலிருந்து என்னை ஒரு நோயாளியைப் பார்க்கிற மாதிரியே பார்த்துக்கொண்டிருக்கிற அன்பு நண்பர்களே! (சிரிப்பு) ராத்திரிச் சமையலைக்கூட மறந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! அந்தச் சமையலை நினைத்துக் கவலையோடு உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே! (சிரிப்பு)

நடுவர் ஐயா, எனக்கு ஒரு சின்ன வேண்டுகோள். இப்ப, இந்த நிமிஷம், யாராவது ஒரு பி.பி. மெஷினைக் கொண்டுவந்து என் கையிலே கட்டுங்க. எதிரே மூணு கேமரா. தலைக்கு மேலே இம்மாம் பெரிய லைட்டு. பக்கத்திலே மணியைக் கையிலே பிடிச்சுக்கிட்டு நீங்க. (சிரிப்பு) 160-க்குக் குறையாது. சத்தியம் பண்ணிச் சொல்றேன். அதைப் பார்த்துட்டு, "அம்மா, உங்களுக்கு ரத்தக்கொதிப்பு, ஆயுசு பூரா மாத்திரை சாப்பிடுங்க"ன்னு யாராவது எழுதிக் குடுத்தா அது நியாயமா? இல்லேல்ல? அவ்வளவுதான் எங்க கட்சி. இத்தோட உட்கார்ந்துடலாம். ஆனா குடுத்த நேரம் பாக்கி இருக்கு. (கைதட்டல்)

எனக்கு முன்னாடி பேசின எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார். "மனுஷன் பொய் சொல்வான், மெஷின் பொய் சொல்லாது" என்றார். நல்லாத்தான் இருந்தது, நானே கை தட்டினேன். ஆனா ஐயா, நான் முப்பத்து மூணு வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவ. விடைத்தாள் பொய் சொல்லாது. பையன் எழுதினதைத்தான் காட்டும். ஆனா திடீர்னு உள்ளே போய், "எல்லாரும் நோட்டை மூடுங்க, டெஸ்ட்"னு சொல்லி, அந்த ஒரு டெஸ்ட்டிலே வாங்கின மார்க்கை வச்சு ஒரு பையனுக்கு டி.சி. கிழிச்சுக் கொடுத்தா, தப்பு விடைத்தாள் மேலேயா, டீச்சர் மேலேயா? மெஷின் அந்த நேரத்து அழுத்தத்தைச் சரியாத்தான் காட்டுது. அது அந்த நேரத்து அழுத்தம் மட்டும்தான் என்பதை நாம மறந்துடறோம்.

என் கதையையே சொல்றேன். 2014-ஆம் வருஷம். எனக்கு வயசு 55. இடது கண்ணிலே புரை. கரும்பலகையிலே நானே எழுதின 3 எனக்கே 8 மாதிரி தெரியுது. ஆப்பரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு. விடியக் காலையிலே குளிச்சு, சாமி கும்பிட்டு, எங்க வீட்டுக்காரரைத் துணைக்குக் கூட்டிக்கிட்டுப் போய் உட்கார்ந்தா, முதல்லே பி.பி. பார்க்கணும்னாங்க. பார்த்தாங்க. 182-க்கு 104. அந்தப் பொண்ணு என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, பக்கத்துப் பொண்ணைக் கூப்பிட்டு, "இங்க பாருடி"ன்னு காட்டுது! அப்ப ஏறினது எவ்வளவுன்னு யாரும் அளக்கலை. (சிரிப்பு) "இன்னைக்கு முடியாதும்மா, அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் போனேன். 176. அதுக்கு அடுத்த வாரம் 184. மூணு தடவை கண்ணுக்கு மருந்து விட்டுக்கிட்டுப் போய், மூணு தடவையும் அதே கண்ணோட திரும்பி வந்தேன். பஸ் ஸ்டாப்பிலே பூக்காரம்மா கேக்குறாங்க, "என்ன டீச்சர், இன்னும் முடியலையா?"

அப்புறம் ஒரு இடத்திலே காட்டினோம். உட்கார்ந்து மூணு நிமிஷம் ஆகலை, ரெண்டு மாத்திரை எழுதினாங்க. வாங்கிச் சாப்பிட்டேன். பதினாறாவது நாள் காலையிலே வாசல்லே கோலம் போட்டுட்டு நிமிர்ந்தேன் பாருங்க... அவ்வளவுதான் எனக்குத் தெரியும். படிக்கட்டிலே விழுந்து புருவம் பிளந்துபோச்சு. இதோ, தழும்பு இன்னும் இருக்கு. பக்கத்து வீட்டிலே நர்ஸ் வேலை பார்க்கிற பொண்ணு ஓடிவந்து பி.பி. பார்த்தா 92-க்கு 60! ஆஸ்பத்திரியிலே 182, வாசப்படியிலே 92. ஒரே ஆளு, ஒரே கை.

நடுவர் ஐயா, நாலு தையல் போட்டதுக்குப் பிறகுதான் எனக்கு நல்ல காலம் பிறந்தது. அந்தப் பொண்ணு ஒரு லேடி டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனா. அவங்க கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், வீட்டிலே என்னைக்காவது பி.பி. பார்த்திருக்கீங்களா?" இல்லேன்னேன். ரெண்டாவது கேள்வி, "பாத்ரூம் போகணுமா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வைத்தியத்துக்கு வந்தா இது என்ன கேள்வி? ஆனா உண்மையிலேயே போகவேண்டியிருந்தது. ரெண்டு மணி நேரப் பஸ் பிரயாணம், டீச்சர்மாருக்குத் தெரியும், நாம எங்கே போறோம், அடக்கி அடக்கியே வாழ்றோம். (சிரிப்பு) போய்ட்டு வந்தேன். சிறுநீரை அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தாலே பி.பி. ஏறிக் காட்டுமாம்!

வந்தவளை முதுகு சாயிற நாற்காலியிலே உட்காரவச்சாங்க. கால் மேலே கால் போட்டிருந்தேன், எடுக்கச் சொன்னாங்க. ரெண்டு பாதமும் தரையிலே. கையைத் தொங்கவிடாம மேஜை மேலே, நெஞ்சு உயரத்துக்கு. அப்புறம் அந்தத் துணிப்பட்டை. என் கையைப் பார்த்தாங்க, பட்டையைப் பார்த்தாங்க, "இது பத்தாது, பெரிய பட்டை எடுத்துட்டு வாங்க"ன்னாங்க. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். (சிரிப்பு) ஆனா விஷயம் இருக்கு. பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினா, இல்லாத அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். கை தொங்கினாலும் கூட்டிக் காட்டும். கட்டினதுக்கப்புறம் பேசினாலும் கூட்டிக் காட்டும். நான் எங்கே பேசாம இருந்தேன்? முதல் ஆஸ்பத்திரியிலே காத்து அடிக்க அடிக்க, "எவ்வளவும்மா, எவ்வளவும்மா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தவ நான்!

எல்லாம் சரி பண்ணி, அஞ்சு நிமிஷம் சும்மா உட்காருங்கன்னுட்டு அவங்க வெளியே போயிட்டாங்க. ஐயா, கல்யாணமாகி அன்னைக்குத்தான் நான் அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார்ந்தேன். (பலத்த கைதட்டல்) அப்புறம் பார்த்தா 148. மறுபடி பார்த்தா 142. மூணாவது தடவை 138. அப்பத்தான் அவங்க சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, "உங்களுக்கு என் கோட்டுதான் நோய்."

வெள்ளைக்கோட்டு ரத்த அழுத்தம்னே இதுக்குப் பேரு இருக்காம். வீட்டுக்கு வந்து சொன்னேன். எங்க வீட்டுக்காரர் தன் வேட்டியைப் பார்த்தார். "நானும் முப்பது வருஷமா வெள்ளை வேட்டிதானே கட்டுறேன், என்னைப் பார்த்து ஒரு நாளும் உனக்கு ஏறலையே?" (பலத்த சிரிப்பு)

இதெல்லாம் டீச்சரம்மா கதை, ஆதாரம் உண்டான்னு எதிரணி கேட்கும். உண்டு. 1983-லே இத்தாலியிலே மிலான் நகரத்திலே ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க. ஆஸ்பத்திரியிலே படுத்திருந்தவங்களுக்கு ரத்தக்குழாய்க்குள்ளேயே அளவெடுக்கிற கருவியை வச்சு, ராப்பகலா அழுத்தத்தைப் பதிவு பண்ணினாங்க. டாக்டர் உள்ளே வந்து பி.பி. பார்க்கும்போது என்ன ஆகுதுன்னு தனியாக் கவனிச்சாங்க. மேல் எண் சராசரியா 27 ஏறியிருக்கு! வந்து நாலு நிமிஷத்துக்குள்ளே உச்சிக்குப் போய், பத்து நிமிஷம் ஆகும்போது பெரும்பாலும் இறங்கியிருக்கு. அதே குழு பின்னாடி டாக்டருக்குப் பதிலா நர்ஸை அனுப்பிப் பார்த்தது. ஏற்றம் ஏறக்குறையப் பாதிதான்! டாக்டர்கள் யாரும் கோவிச்சுக்கக் கூடாது. 1988-லே நியூயார்க்கிலே தாமஸ் பிக்கரிங் என்கிற மருத்துவர், ஆஸ்பத்திரி அளவிலே கொஞ்சம் உயர்ந்த அழுத்தம் இருந்தவங்களைப் பகல் முழுக்கக் கருவி மாட்டிப் பார்த்தார். அஞ்சிலே ஒருத்தருக்கு, வெளியிலே அழுத்தம் சாதாரணமாவே இருந்தது.

இன்னும் பின்னாலே போனா எனக்குச் சிரிப்பு வருது. உலகத்திலே ரத்த அழுத்தத்தை நேரா அளந்து எழுதிவச்சவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்கிற இங்கிலாந்துப் பாதிரியார், அவர் புத்தகம் வந்தது 1733-லே. யாருக்கு அளந்தார்? ஒரு பெண் குதிரைக்கு! உயிரோட மல்லாத்திக் கட்டிப்போட்டு, தொடையிலே ரத்தக்குழாயைத் திறந்து, ஒரு நீளக் கண்ணாடிக் குழாயைச் சொருகினார். ரத்தம் எட்டடி மூணு அங்குலம் ஏறிச்சு. நான் கேட்கிறேன், எதிரணி நண்பர்களே, நாலு காலையும் கட்டிப் போட்டுக் குழாயைச் சொருகினா ஏறாம என்ன செய்யும்? அந்தக் குதிரைக்கு இருந்தது நோயா, பயமா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்) நல்ல வேளை, 1896-லே ரீவா ரோச்சி என்கிற இத்தாலி டாக்டர் கையிலே கட்டுற பட்டையைக் கண்டுபிடிச்சார், 1905-லே ரஷ்யாவிலே கொரோட்கோவ் அதுக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப் வச்சுச் சத்தம் கேட்கிற முறையைச் சொன்னார். இல்லேன்னா நம்ம நிலைமையை யோசிங்க!

பயந்தா ஏன் ஏறுது? தெருவிலே நாய் துரத்துதுன்னு வச்சுக்குங்க. அட்ரினலின்னு ஒண்ணு உடம்பிலே பாயுது. இதயம் வேகமா அடிக்குது, ரத்தக்குழாய் இறுகுது, அழுத்தம் ஏறுது. ஓடித் தப்பிக்கிறதுக்கு உடம்பு செய்ற உதவி அது. நாய் போனா இறங்கிடும். நிஜமான ரத்தக்கொதிப்பு அப்படி இல்லை. நாய் போனாலும் இறங்காது. வயசாலே, உப்பாலே, பரம்பரையாலே, சிறுநீரகக் கோளாறாலே ரத்தக்குழாயும் சிறுநீரகமும் உயர்ந்த அழுத்தத்துக்கே பழகிப்போயிருக்கும். காலையிலே பார்த்தாலும் இருக்கும், கோயில்லே உட்கார்ந்திருக்கும்போது பார்த்தாலும் இருக்கும். அது வலிக்காது, படபடக்காது. நாமதான் தலைவலி வந்தா பி.பி.ங்கிறோம், கிறுகிறுத்தா பி.பி.ங்கிறோம், மருமக எதிர்த்துப் பேசினா பி.பி.ங்கிறோம். (சிரிப்பு) கை நடுங்கி, வேர்த்து, நெஞ்சு திக்திக்னு அடிச்சு ஊரைக் கூட்டுறது பெரும்பாலும் பயம். நோய் சத்தமே போடாம உட்கார்ந்திருக்கும். ஒரு விஷயம் மட்டும் சிரிக்காமச் சொல்லிடறேன். நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் விளங்காமப் போறது, வாய் கோணுறது, பேச்சு குழறுறது, திடீர்னு பார்வை மங்குறது, மூச்சு முட்டுறது... அப்ப நோயா பயமான்னு பட்டிமன்றம் வைக்கக் கூடாது. 108-க்குப் போன் பண்ணணும்.

சரி, என் கதைக்கு வாங்க. அந்த டாக்டரம்மா மாத்திரையைப் படிப்படியாக் குறைச்சு நிறுத்தினாங்க. அவங்க நிறுத்தினாங்க, நானா நிறுத்தலை, இதைக் குறிச்சுக்குங்க. அப்புறம் என் கையிலே 24 மணி நேரக் கருவி ஒண்ணைக் கட்டிவிட்டாங்க. பகல்லே இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலே அரை மணிக்கு ஒரு தடவை, அதுவாக் கையை இறுக்கிப் பிடிச்சு அளந்துக்கும். அதோட பள்ளிக்கூடத்துக்கும் போனேன். பித்தாகரஸ் தேற்றம் நடத்திக்கிட்டிருக்கேன், சேலைக்குள்ளேயிருந்து கிர்ர்ர்ர்னு சத்தம். பின் பெஞ்சு முழுக்கச் சிரிக்குது. எந்தெந்த நேரம் என்ன செஞ்சேன்னு ஒரு நோட்டிலே எழுதவும் சொல்லியிருந்தாங்க. பகல் சராசரி 122-க்கு 76. தூக்கத்திலே 106-க்கு 64. நல்ல உடம்புக்குத் தூக்கத்திலே பத்திலேர்ந்து இருபது சதவீதம் இறங்கணுமாம், எனக்குப் பதிமூணு இறங்கியிருந்தது. ஒரே ஒரு இடத்திலே மட்டும் 156. என்னன்னு நோட்டைப் பார்த்தா, "காலை 10.40, கல்வி அதிகாரி திடீர் வருகை." (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

கண் ஆப்பரேஷன் அடுத்த மாசமே நல்லபடியா முடிஞ்சுது. டாக்டரம்மா ஒண்ணு சொல்லி அனுப்பினாங்க: "இதோட விட்டுடாதீங்க. வெள்ளைக்கோட்டுப் பயம் இருக்கிறவங்களுக்குப் பின்னாடி நிஜ ரத்தக்கொதிப்பு வர வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். வருஷா வருஷம் வந்து காட்டுங்க, வீட்டிலேயும் பாருங்க." எப்படிப் பார்க்கணும்னும் சொன்னாங்க. ஏழு நாள். காலையிலே காப்பிக்கு முன்னாடி, மாத்திரை சாப்பிடறவங்க மாத்திரைக்கு முன்னாடி, ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவை. சாயங்காலம் அதே மாதிரி ரெண்டு தடவை. ஏழு நாளுக்கு 28 எண் வரும். முதல் நாள் புது மெஷின் பயம் இருக்கும், அந்த நாலைத் தள்ளிடுங்க. மிச்சம் 24-க்கும் சராசரி எடுங்க. கணக்கு டீச்சருக்கு இதைவிட என்ன வேணும்? ஆஸ்பத்திரியிலே 140-க்கு 90 எல்லைன்னா, வீட்டுச் சராசரிக்கு எல்லை 135-க்கு 85. அதைத் தொட்டா டாக்டரைப் பார்க்கணும். அமெரிக்காக்காரங்க 2017-லே இன்னும் இறக்கி 130-க்கு 80-ன்னு வச்சுட்டாங்க, அது அவங்களுக்குள்ளேயே நடக்கிற தனிப் பட்டிமன்றம், நான் போகலை.

மெஷின் வாங்கினேன். வாங்கினேனா? ஒரு நாளைக்குப் பதினைஞ்சு தடவை பார்க்க ஆரம்பிச்சேன்! 128 வந்தா, ஏன் 128? உடனே இன்னொண்ணு, 134. ஐயோன்னு இன்னொண்ணு, 141. பார்க்கப் பார்க்க ஏறுது. எங்க வீட்டுக்காரர் மெஷினைத் தூக்கி அரிசி டிரம்முக்குள்ளே ஒளிச்சு வச்சுட்டார். ரெண்டு வேளை மட்டும் அரிசியைத் தட்டி எடுத்துத் தருவார். (சிரிப்பு)

இதுவரைக்கும் சிரிச்சீங்க. இனிமே சொல்றது எனக்குக் கஷ்டமானது.

எனக்கு ஒரே அண்ணன். கோவில்பட்டியிலே பலசரக்குக் கடை. என்னைவிட மூணு வயசு மூத்தவர். காலையிலே ஆறு மணிக்குக் கல்லாவிலே உட்கார்ந்தா ராத்திரி பத்து. ஊறுகாய் இல்லாம ஒரு வேளை சாப்பிட மாட்டார். நான் இந்த வெள்ளைக்கோட்டுக் கதையைச் சொந்தக்காரங்க கல்யாணம், காதுகுத்து எல்லாத்திலேயும் சொல்லிக்கிட்டே திரிஞ்சேன். எல்லாரும் சிரிப்பாங்க, எனக்கும் பெருமை. அண்ணனும் விழுந்து விழுந்து சிரிச்சார்.

2016-லே அவர் தெருவிலே ஒரு இலவச மருத்துவ முகாம். மதினி பிடிவாதமா இழுத்துக்கிட்டுப் போனாங்க. 170-க்கு 100. "ரெண்டு மூணு நாள் கழிச்சு மறுபடி பாருங்கய்யா, ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டுங்க"ன்னு முகாமிலே சரியாத்தான் சொல்லியிருக்காங்க. எங்க அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "ஏம்மா, இது நோய் இல்லைம்மா. என் தங்கச்சிக்கு இருக்கே, அந்த வெள்ளைக்கோட்டுச் சமாச்சாரம். அவளுக்கு 182, எனக்கு 170-தானே!"

மதினி எனக்குப் போன் பண்ணினாங்க. நான் என்ன சொன்னேன்? அதைத்தான் ஐயா இன்னைக்கு வரைக்கும் நினைச்சுப் பார்க்கிறேன். "வெயில்லே நடந்து போயிருப்பாரு மதினி, டென்ஷனா இருக்கும்"னு சொன்னேன். என் மெஷின் அரிசி டிரம்மிலே கிடக்கு. எங்க ஊருக்கும் கோவில்பட்டிக்கும் பஸ்ஸிலே நாற்பது நிமிஷம். எடுத்துக்கிட்டுப் போய் ஏழு நாள் கட்டிப் பார்த்திருந்தா விடை தெரிஞ்சிருக்கும். நான் போகலை.

2018 ஐப்பசியிலே, காலையிலே கடை ஷட்டரைத் தூக்கினவர் அப்படியே சரிஞ்சுட்டார். வலது கை, வலது கால், பேச்சு, மூணும் போச்சு. ஆஸ்பத்திரியிலே எக்கோ எடுத்த டாக்டர், "இதயத்தோட இடது பக்கச் சுவர் தடிச்சிருக்கு. இது நேத்து வந்த பி.பி. இல்லை, பல வருஷத்துப் பி.பி."ன்னார். சிறுநீரிலே புரதம். கண்ணுக்குள்ளே விளக்கடிச்சுப் பார்த்தா அங்கே ரத்தக்குழாயெல்லாம் சுருங்கியிருக்கு. ஒரு நாள் பயத்திலே இதயச் சுவர் தடிக்காது ஐயா. எனக்கு 2014-லேயே இதெல்லாம் எடுத்துப் பார்த்தாங்க, எல்லாம் சுத்தமா இருந்தது. அதாவது நிஜமான அழுத்தம் உடம்புக்குள்ளே கணக்கு எழுதிவச்சுக்கிட்டே வருது. ஒரு ஈ.சி.ஜி., ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, கண் பரிசோதனைன்னு அந்தக் கணக்கைத் திறந்து பார்க்க வழி இருக்கு. கணக்கு டீச்சர் நான், என் அண்ணன் கணக்கைத் திறந்து பார்க்கச் சொல்லலை.

எதிரணித் தலைவர் இப்ப எழுந்து, "அப்ப நீங்களே நோய்னு ஒத்துக்கிட்டீங்க"ன்னு சொல்லத் துடிக்கிறார். உட்காருங்க சார். (சிரிப்பு) எங்க அண்ணனுக்கு இருந்தது நோய். அதை மறைச்சது எது? கடையிலே சுருட்டுப் பிடிக்க வர்றவங்க, கடன்காரங்க, யாருக்கும் பயப்படாத மனுஷன், மாத்திரைக்குப் பயந்தார். "ஆரம்பிச்சா நிறுத்த முடியாதாமே"ன்னு பயந்தார். பயம் என்கிட்ட வந்து எண்ணை ஏத்திக் காட்டுச்சு. அவர்கிட்ட போய் மெஷின் பக்கமே போக விடலை. ரெண்டு பேரையும் விழவச்சது ஒண்ணேதான். நான் வாசப்படியிலே விழுந்தேன், அவர் கடை வாசல்லே விழுந்தார்.

இன்னொரு வகை இருக்கு, அதையும் சொல்லணும். ஆஸ்பத்திரியிலே பார்த்தா 126, கடைக்குப் போய் உட்கார்ந்தா 150. எனக்கு நேர் தலைகீழ். முகமூடி போட்ட ரத்த அழுத்தம்னு சொல்றாங்க. டாக்டர்கிட்ட சிரிச்சுப் பேசுவாங்க, "நல்லா இருக்கே"ன்னு அனுப்பிடுவாங்க. வேலையிலே மாட்டிக்கிட்டுத் தவிக்கிறவங்க, சிகரெட் பிடிக்கிறவங்ககிட்ட இது அதிகம். வெள்ளைக்கோட்டை விட இது மோசம், ஏன்னா யாரும் தேட மாட்டாங்க. இதையும் வீட்டு மெஷின்தான் பிடிக்கும்.

எவ்வளவு பெரிய இடமா இருந்தாலும் இது நடக்கும். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சிலே ஒரு இளம் இதய மருத்துவர் பார்த்தபோது 186-க்கு 108. அவரோட சொந்த டாக்டர் காது மூக்கு தொண்டை நிபுணர், பத்திரிகைக்காரங்ககிட்டே ஜனாதிபதி நல்லா இருக்கார்னு சொல்லிக்கிட்டே இருந்தார். 1945 ஏப்ரல் 12, "தலை பயங்கரமா வலிக்குது"ன்னார், அத்தோட போயிட்டார். மூளையிலே ரத்தக்கசிவு. அழுத்தம் 300-க்கு மேலே! ஆனா அவருக்கு ஒரு சமாதானம் உண்டு. அன்னைக்கு உருப்படியான மருந்து கிடையாது. அதுக்கு நாலு வருஷம் கழிச்சு, 1949-லேதான், நம்ம பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்குதுன்னு இங்கிலாந்துப் பத்திரிகையிலே எழுதி உலகத்துக்குச் சொன்னார். எங்க அண்ணனுக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. மாத்திரை அவர் கடைக்கு எதிர்க்கடையிலேயே இருந்தது.

அண்ணன் இப்ப எப்படி இருக்கார்னு தாய்மார்கள் கேட்கிறது முகத்திலே தெரியுது. இருக்கார். பேச்சு முக்கால்வாசி வந்துட்டுது. கோலூன்றி நடப்பார். கடையைப் பையன் பார்த்துக்கிறான். இடது கையாலே எழுதக் கத்துக்கிட்டார். தினம் காலையிலே மதினி நாற்காலியைப் போட்டு, ஃபேனைப் போட்டு, டி.வி.யை நிறுத்திட்டு உட்காரவைப்பாங்க. அஞ்சு நிமிஷம் யாரும் பேசக் கூடாது, பேரப்பிள்ளைகூட. இடது கையிலே பட்டை. வர்ற எண்ணை அவரே, அந்த இடது கையாலேயே, கோணல் மாணலா எழுதுவார். அரிசி டிரம்மிலே இருந்த அதே மெஷின்தான், நான் கொண்டுபோய்க் குடுத்துட்டேன். மாத்திரையோட 128, 130-லே நிக்குது.

போன வாரம் போயிருந்தேன். நானே பட்டையைக் கட்டி விட்டேன். 146. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. "என்னண்ணே, மாத்திரை சாப்பிட்டியா இல்லையா?"ன்னு ஆரம்பிச்சு நான் விடாமப் பேசறேன். அவர் இடது கையைத் தூக்கி என்னைத் தடுத்தார். வார்த்தை வார்த்தையாத் தேடித் தேடிச் சொன்னார்: "நீ... கொஞ்சம்... வெளியே போ. அஞ்சு நிமிஷம் கழிச்சு... மதினி பார்க்கட்டும்." போனேன். மதினி பார்த்தாங்க. 131! (பலத்த கைதட்டல்)

நடுவர் ஐயா மணியை எடுத்துட்டீங்க, அடிச்சுடாதீங்க, அந்தச் சத்தத்துக்கே எனக்கு 160 போயிடும். நானே உட்கார்ந்துக்கிறேன்.